ஓடுகிற வண்டியைக் கழற்றலாமா?

லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருபது, முப்பது வயதான மோட்டார் சைக்கிள்கள் இன்னும் ஓடுகின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், 2025இல் அது மீண்டும் தொடங்கும்வரை, பழையதைப் பேணுவதன்றி ஏழைக்கு வேறு வழி இருக்கவில்லை. இத்தகைய வண்டிக்காரர் கேட்பது இது: “சாமி, எஞ்சின் சூடான பொறகும் சோக்கைத் தள்ளுனா நின்னுபோகுது. வேகமா ஓடுறதுல ஒரு கொறையும் இல்ல. காபரேட்டரக் கழட்டவா, விடவா?”

கராஜ் சங்கதிக்குப் பத்திரிகையில் என்ன இடம் என்பீர்கள். தலையான புண்ணியங்களில் முதலாவது விவேகம் என்று ஞானோபதேசத்தில் படித்தோமல்லவா? அதற்கு எதிரான பாவங்களை ஆராயும் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பதற்றத்தையும் அசட்டையையும் சேர்த்தே வைத்தார். கையைச் சும்மா வைத்திருக்க மாட்டாமல் ஸ்க்ரூ முறுக்கியை எடுப்பவனும், ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று மாதக்கணக்கில் தள்ளுபவனும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள். ஆகையால் ‘ஓடுவதைத் தொடாதே’ என்ற பேச்சு ஒன்றே நமக்கு விடையாகாது.

பெற்றோல் நின்ற இடத்திலேயே நின்றால் அதன் இலேசான பகுதி ஆவியாகிப் பிசின் போன்றதொன்று மிஞ்சும். 2022இல் எரிபொருளில்லாமல் எத்தனை வண்டிகள் லயத்து வாசலில் கிடந்தன! QR முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். மெதுவாக ஓடும்போது பெற்றோல் செல்லும் சிறு ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றரும் இராது. அதைப் பிசின் அடைத்தால் மேற்சொன்ன குறைதான் வரும். ஆனால் கழற்றுவதிலும் ஆபத்துண்டு. பழைய கேஸ்கட் கிழிந்துபோகும். பித்தளை ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும். பிறகு அதைச் சிறிதாக்க எந்தப் பாஸாலும் முடியாது.

எனவே வண்டியிடமே முதலில் சிறு கேள்விகளைக் கேட்கவேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காற்று வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். காபரேட்டரின் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, வழியும் பெற்றோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்தால் தண்ணீரும் துருவும் கண்ணுக்குத் தெரியும். துரு கண்டால் குற்றவாளி டாங்கி; காபரேட்டரை மட்டும் கழுவுவது வீண். இவற்றையெல்லாம் பாராமலே ‘கழுவவேண்டும்’ என்று கூலி வாங்கும் மெக்கானிக்கைக் குறித்து நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது நீதிக்கு எதிரான கணக்கு.

அந்த வண்டி யாருடையது என்பதும் பெரிய கேள்வியே. பத்திரத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும். ஆனால் லயத்தில் அது ஒன்றே வண்டியாயிருந்தால், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைப் பசறை வழியாகப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அதுவே. 2021 மார்ச் 20இல் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்ட அதே வீதியில், வளைவில் வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் நின்றால் என்ன ஆகும்? ஆகவே இந்தக் குறையுள்ளவர் ஒத்திப்போடக் கூடாது. அயலாரிடம் கேளாமல் வண்டியைப் பிரித்துப் போடவும் கூடாது. பக்கத்து வீட்டில் பேறுகாலம் நெருங்கியிருந்தால், அது முடியட்டும்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில்: கழற்றுங்கள். ஆனால் புதிய கேஸ்கட் கைக்கு வந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், கலவை ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு.