உறங்கியவரின் சாட்சி

‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று விழித்தவர் சொல்லும் சொல் இந்தியத் தத்துவத்தில் நெடுங்காலம் வழக்காடப்பட்டது. ஒன்றும் தெரியாதிருந்தவருக்குச் சுகம் மட்டும் எப்படித் தெரிந்தது? அத்வைதிகள் இதை நினைவு என்பர். அனுபவிக்காததை நினைக்க முடியாது. எனவே ஆழ்ந்த உறக்கத்திலும் அணையாத சாட்சி ஒன்று உண்டு என்பது அவர்கள் முடிவு. நியாய நூலார் இதை ஏற்கவில்லை. விழித்தபின் உடலில் தெரியும் தெளிவை ஏதுவாகக் கொண்டு, உறக்கம் நன்றாக அமைந்தது என்று அனுமானிப்பதே அச்சொல் என்பது அவர்கள் கட்சி.

உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவரிடம் இந்த வழக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி காற்று நின்றால் அது ஒரு தடை. மூச்சு நிற்பதும் ஓரளவு குறுகுவதும் சேர்ந்து மணிக்கு 15 முறை வந்தால் நோய் நடுத்தரம். 30 ஆனால் கடுமை. பெரும்பாலும் ஒவ்வொரு தடையின் முடிவிலும் மூளை கணநேரம் விழித்து மூச்சை மீட்கிறது. அந்த விழிப்பு நினைவில் தங்குவதில்லை. இரவெல்லாம் திணறியவரும் காலையில் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்று மனமாரச் சொல்லக்கூடும். இதனால் அத்வைதம் வீழ்ந்துவிடாது. அவர்கள் சொல்லும் சாட்சி அறியாமையைக் கண்டிருப்பது. மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது அன்று. ஆனால் உடலைப் பற்றி அந்தச் சாட்சியிடம் கேட்க ஒன்றுமில்லை.

மூடிய தொண்டைக்கு எதிராக மார்பு காற்றை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் வெகுவாகத் தாழ்கிறது. மெல்லிய சுவர் கொண்ட இதய மேலறைகள் இழுபடுகின்றன. ஆக்சிஜன் குறைகிறது, நரம்புத் தூண்டுதல் ஏறியிறங்குகிறது. மேலறைகள் ஒழுங்கிழந்து படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோய்க்கு இவையெல்லாம் இடம் கொடுக்கின்றன. இந்நோயினரில் மூச்சுத்தடை உள்ள பலருக்குப் பகலில் தூக்கம் தள்ளுவதே இல்லை. அப்போது நியாய நூலார் நம்பிய ஏதுவும் கைவிடுகிறது. மிஞ்சுவது பிறர் வாய்மொழி: குறட்டை சட்டென்று நின்று, வீடே மௌனமாகி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புவதைக் கேட்டுக் கலங்கிய வாழ்க்கைத்துணையின் சொல். தனியே படுப்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே இதயத்துடிப்பு கெட்டவரிடம் ‘தூக்கம் எப்படி?’ என்று கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது; ஓர் இரவேனும் கருவி வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

மூச்சுத்தடை உண்டென்று தெரிந்தபின் அடுத்த கேள்வி: அதை நீக்கினால் துடிப்பு சீராகுமா? 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிவித்த சிபாப் கருவி, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கிறது. மின்னதிர்ச்சியால் துடிப்பு சீராக்கப்பட்டவர்களைப் பற்றி 2003இல் வந்த சிறு ஆய்வில், மூச்சுத்தடைக்குச் சரியான சிகிச்சை இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் துடிப்புக் கோளாறு திரும்பியது. சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கே திரும்பியது. பார்த்தவுடன் நம்பத் தோன்றும் எண்கள்.

இங்கே நியாய நூலாரின் இன்னொரு கருவி உதவுகிறது: உபாதி. புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்புள்ள இடமெல்லாம் புகை இல்லை. புகை எழ ஈர விறகு வேண்டும். கண்ணுக்குப் படாத அந்த ஈரமே உபாதி. முகமூடியை இரவுதோறும் விடாமல் அணிபவர் மாத்திரையையும் நேரம் தவறாமல் எடுப்பவராக இருக்கலாம். குடியைக் குறைத்தவராக இருக்கலாம். துடிப்பு அடங்கியது முகமூடியாலா, அந்த ஒழுங்காலா? உடற்பருமன் மூச்சுத்தடையையும் தரும், துடிப்புக் கோளாறையும் தரும்; அதுவும் உபாதியாகலாம்.

உபாதியைக் களைய மருத்துவம் கண்ட வழி, யாருக்குச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்வது. விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம் நார்வேயில் அப்படி நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. தோலடியில் பதித்த கருவி ஒவ்வொரு துடிப்பையும் கவனித்தது. 5 மாதம் சிபாப் அணிந்தும் கோளாறு நீடித்த நேரம் மற்றவர்களைவிடக் குறையவில்லை. அதற்கு முன், இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோய் இருந்த 2,700க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016இல் வெளிவந்த சேவ் ஆய்வும் சிபாப்பால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்ததாகக் காட்டவில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன. அதில் கருவியை அணிந்த நேரம் சராசரியாக இரவுக்கு 3.3 மணி. அதிகாலை மூச்சுத்தடைகள் தடுப்பாரின்றிப் போயிருக்கும். எனவே இந்த ஆய்வுகள் சிபாப் பயனற்றது என்று நிறுவிவிடவில்லை. பயன் உண்டென்று அடித்துச் சொல்லும் உரிமையைத்தான் பறித்திருக்கின்றன.

ஆகவே நோயாளியிடம் சொல்லத்தக்கது அளவானது. பகலில் தூங்கி விழுபவருக்கும், கடுமையான மூச்சுத்தடை உள்ளவருக்கும், இரத்த அழுத்தம் அடங்காதவருக்கும் சிபாப் தரத் தனிக் காரணம் உண்டு. துடிப்பு நிலைக்கும் என்ற வாக்குறுதியை அதோடு சேர்த்துத் தரலாகாது. அந்த ஆசையில் முகமூடி அணிந்து, துடிப்பு மீண்டும் கெட்டதும் அதைக் கழற்றி எறிபவர், கிடைத்துவந்த நல்லுறக்கத்தையும் இழக்கிறார். எடைக் குறைப்பைப் பற்றி அடிலெய்டிலிருந்து 2015இல் வந்த லெகஸி ஆய்வு நம்பிக்கை தருகிறது: எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தவர்களிடம் கோளாறு வெகுவாக அடங்கியது. அதுவும் குலுக்கல் இல்லாத ஆய்வுதான். ஈர விறகைப் பற்றிய கேள்வியை அங்கும் கேட்டாக வேண்டும்.