யாரிடம் சொல்லலாம்?

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பட்டாலையில் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் கூடுகிறோம். எல்லோரும் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள், அல்லது இன்னும் சாப்பிடுகிறவர்கள். டாக்டர் கிடையாது, ஆலோசகர் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. சங்கமாகப் பதியவில்லை, பெயர்கூட வைக்கவில்லை. வீடு பதினான்கு புள்ளிகளுக்குப் பாத்தியப்பட்டது. அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. முற்றத்துக்கும் நடைக்கும் மட்டும் எல்லோருக்கும் உரிமை. அந்தப் பங்காளிகளில் ஒருவரான ஆச்சி எங்களில் ஒருவர். சாவி அவரிடம் இருக்கிறது.

முதல் தடவை வந்தபோது எங்களில் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். அதே தெருவில் வேறொரு வீட்டில் பதினைந்து வருடம் பாத்திரம் தேய்த்தவர். அத்தனை வருடமும் பின்கட்டு வழியாகவே போய் வந்தவர். "முன்வாசல் வழியா வரலாமா ஆச்சி?" என்று கேட்டார். "எனக்கும் உனக்கும் ஒரே மாத்திரைதான் எழுதியிருக்காக, வா" என்றார் ஆச்சி. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் சாதி கரைந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆச்சி மதுரைக்குக் காரில் போய் டாக்டரைப் பார்க்கிறார். இவர் அரசு மருத்துவமனையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறார். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் "நிஜமாவா?" என்று கேட்பதில்லை. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஏன் பெரிய விஷயம் என்பதற்கு என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேருந்து நிலையம் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2012-இல் பிரசவமான பத்தாம் நாள் தூக்கம் போனது. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நம்பினேன். முதலில் மந்திரித்தார்கள். குணசீலத்துக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு நடந்தது. கடைசியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள், மருந்தில் தேறினேன். மருந்தை நான் குறை சொல்லவில்லை. தேறி வந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றாலும், நாத்தனார் பேசியது தப்பு என்றாலும், வீட்டில் ஒரே பதில் வந்தது: "மாத்திரை போட்டியா?" சமையலைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் கொடுக்கிறார். ஒருவர் யார் என்பதை வைத்தே அவருடைய சொல்லின் மதிப்பைக் குறைப்பது ஓர் அநீதி. பொருளைப் பறிப்பது போல, அடிப்பது போல, அதுவும் ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்கு என்கிறார். பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணாகவும் இருந்து, மனநோய்ச் சீட்டும் கையில் இருந்தால் இரண்டு முறை தள்ளுபடி. கடையில் மாதம் பத்துப் பதினைந்து கல்யாண ஜாதக விவரங்களைத் தட்டச்சு செய்கிறேன். கோத்திரம் அல்லது கோயில், நட்சத்திரம், சம்பளம், சொந்த வீடு எல்லாம் வரும். நோய் என்ற சொல் இதுவரை ஒன்றில்கூட வந்ததில்லை. மறைக்கிறார்கள் என்று கோபப்படவும் முடியவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக இன்றும் இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் தாராவும் அவரோடு பணியாற்றியவர்களும் மனச்சிதைவு வந்து மணவாழ்க்கை முறிந்த பெண்களிடம் பேசி 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயின் அவமானத்தைவிடக் கைவிடப்பட்ட அவமானமே அந்தப் பெண்களையும் அவர்களுடைய வீட்டாரையும் அதிகம் வதைத்தது என்கிறது அது.

பட்டவர்களே பட்டவர்களுக்குத் துணையாக இருப்பது புதிய யோசனை அல்ல. பாரிஸில் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் நோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றியவர் ஜான் பாப்டிஸ்ட் புஸ்ஸான். டாக்டரல்ல; அதே இடத்துக்குக் கண்டமாலை நோயாளியாக வந்து, பிறகு அங்கேயே பொறுப்பாளரானவர். தேறிய நோயாளிகளையே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். அவர்கள் அடிக்க மாட்டார்கள் என்பது காரணம். புகழ் டாக்டர் பினேலுக்குப் போனது. புஸ்ஸானுடன் அதே வேலையைச் செய்த அவர் மனைவி மார்கரீத் ஜூப்லீனை யாருக்குத் தெரியும்? நம் பக்கத்தில், தாய் மனநலக் காப்பகங்களில் அடைபட்டதைப் பார்த்து வளர்ந்த பார்கவி தாவர் 1999-இல் புனேயில் பாபு டிரஸ்டைத் தொடங்கினார். சென்னையின் பேன்யன் அமைப்பு, காப்பகங்களில் வருடக்கணக்காக இருந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வீடெடுத்துக் குடியமர்த்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அது நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. அதே வழிகாட்டியில் கென்யாவில் நோயைக் கடந்தவர்களே நடத்தும் குழுக்களும் உண்டு. இதையெல்லாம் படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. கூடவே ஒரு சந்தேகமும் வரும்: செலவில்லாமல் வேலை நடக்கிறது என்றால் அதைப் பெண்களின் தலையில் 'தன்னார்வம்' என்று கட்டிவிடுவார்கள். ஆஷா பணியாளர்களைக் கேட்டால் தெரியும். அதை இன்னொரு கட்டுரையில் எழுத வேண்டும்.

இங்கே எழுத வந்தது நான் செய்த ஒரு காரியம் பற்றி.

எங்களில் ஒருவர், தையல்காரர் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சொன்னார்: "மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிறாதீங்க."

அன்று ஏறக்குறைய சண்டையே வந்தது. ஆச்சி, "இப்ப சொன்னா இனிமே எதையும் நம்மகிட்டச் சொல்ல மாட்டா" என்றார். பாத்திரம் தேய்த்தவர், "சொல்லாம விட்டு ஏதாவது ஆகிப்போச்சுன்னா அவ புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். முடிவெடுக்காமல் கலைந்தோம். திங்கட்கிழமை நான் அவருடைய வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பயந்தார். மாத்திரையைப் பொடித்துக் காலைக் காப்பியில் கலந்து கொடுக்கச் சொன்னார்; மாமியார் கலந்து கொடுத்தார். மூன்றாவது வாரம் டம்ளரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தையல்காரர் பார்த்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அவர் எதையும் வாயில் வைக்க யோசித்தார். தன் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அதை நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்வார்கள். இவர் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக மருந்தின் அளவு கூடியது. பட்டாலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

நான் செய்தது சரியா என்று அப்போது கேட்டவர்களிடம் ஒரு நியாயம் சொன்னேன். சர்க்கரை நோயாளி கல்யாண வீட்டில் லட்டு சாப்பிட்டால் யாரும் அவர் காப்பியில் மருந்து கலப்பதில்லை. ஆனால் 'உனக்குச் சர்க்கரையே இல்லை' என்று சர்க்கரை வந்து அவரிடம் சொல்வதும் இல்லை. எங்கள் நோய் சொல்லும். 2012-இல் எனக்குச் சொன்னது. ஆகவே நிறுத்து, சொல்லாதே என்று கேட்பது அவரா, நோயா என்று ஒருவர் சந்தேகப்படத்தான் வேண்டும். இந்த நியாயத்தை நான் இன்றும் முழுக்கக் கைவிடவில்லை. ஏர்வாடி எங்களுக்குத் தூரமான ஊர் அல்ல. 1985 வரை நாங்களும் ராமநாதபுரம் மாவட்டம்தான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மருந்து இல்லாமல் விடப்பட்டால் எங்கே போய் முடியலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் வரும். ஆனால் அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டதும் வீட்டார்தான், நல்லதுக்கென்றுதான் விட்டார்கள் என்பது ஞாபகத்துக்கு வரக் கொஞ்சம் நேரமாகும்.

கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் என் மனம் தோழியிடம் போனது. அக இலக்கியத்தில் தலைவி மெலிந்துபோவாள். என்ன காரணம் என்று தெரியாமல் வீட்டார் முருகன் அணங்கியதாக எண்ணி, வேலனை வரவழைத்து வெறியாட்டு நடத்துவார்கள். அப்போது உண்மை தெரிந்த ஒரே ஆளான தோழி செவிலியிடம் சொல்லிவிடுவாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். அதற்கு ஏழு வகை சொல்கிறது தொல்காப்பியம். ரகசியத்தை வெளியே சொல்வதற்கு நம் மரபு 'அறம்' என்றே பெயர் வைத்திருக்கிறது, நானும் அதைத்தானே செய்தேன் என்று கொஞ்ச நாள் ஆறுதல்பட்டேன்.

ஆறுதல் நிலைக்கவில்லை. தோழிக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: தலைவி முதலில் தோழியிடம் அறத்தொடு நிற்பாள். அதன் பிறகுதான் தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும். தலைவியின் மனம் என்ன என்பதைத் தோழி கேட்டு அறிந்திருக்கிறாள்; தலைவி விரும்புவது நடப்பதற்காகவே பேசுகிறாள். நான் தையல்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஏழு பேர் இருந்தோம். சொல்வதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

காரணம் பிறகு ஆச்சி மூலம் தெரிந்தது. மாத்திரை தொடங்கியதிலிருந்து அவருக்கு மாதவிடாய் நின்றுபோனது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்திருந்தார். மனச்சிதைவுக்குத் தரும் சில மருந்துகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி மாதவிடாயை நிறுத்தக்கூடியவை. அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கும் போகலாம். டாக்டரிடம் சொல்லப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த அறையில் எல்லாக் கேள்வியும் பக்கத்து நாற்காலியில் இருந்த வீட்டுக்காரரை நோக்கியே போயிருக்கிறது. "தூங்குறாங்களா? சத்தம் போடுறாங்களா?" இரண்டுக்கும் நல்ல பதில் வந்ததால் சீட்டு மாறவில்லை. தான் சொன்னால் நடக்காது என்று தெரிந்த பெண் தன் கையில் இருந்த ஒரே வழியைச் செய்திருக்கிறார்.

அவர் மாத்திரையை நிறுத்தியது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டதன் காரணம், நான் நிறுத்தியிருந்தால் அது பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும் என்பதுதான். என் பத்தாம் நாளை அவருடைய இரண்டு மாதத்தின் மேல் போர்த்திவிட்டேன். 'எனக்குத் தெரியும், நானும் அனுபவித்தவள்' என்பது எங்களைப் போன்ற கூட்டங்களின் அஸ்திவாரம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது ஒருவரைப் பேச வைக்கும் என்பது வரை உண்மை. பேசத் தொடங்கியவரை அதே வாக்கியம் இடைமறிக்கவும் செய்யும். வெளியாள் என்றால் புரியவில்லை என்று கேட்டிருப்பார். எனக்குப் புரிந்துவிட்டதால் நான் கேட்கவில்லை. டாக்டர் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார் என்று குறை சொல்கிறேனே, நானும் அதே வீட்டுக்காரருக்குத்தான் போன் போட்டேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. முடிவெடுக்கும் நிலையில் நான் இல்லாதபோது எனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். என் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். அவர் கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டத்தை நான் கடையில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். படித்து முடித்ததும் ஆச்சி ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். அதில் ஆளுக்கு இரண்டு பக்கம். நன்றாக இருக்கும் நாளில் அவரவரே எழுத வேண்டும்: நான் சரியில்லை என்பதற்கு என்ன அடையாளம், அப்போது யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது. எழுதத் தெரியாதவர் சொல்ல, நான் எழுதினேன். சட்டப்படி இது செல்லாது. அதற்குத் தனிப் படிவமும் சாட்சிகளும் பதிவும் வேண்டும். எங்களுக்குள் செல்லும்.

ஆச்சி தன் பக்கத்தில் எழுதியது: "மகனிடம் சொல்லலாம். மருமகளிடம் சொல்ல வேண்டாம், அவள் நல்ல பிள்ளை, பயப்படுவாள்." பாத்திரம் தேய்த்தவர் சொன்னது: "தெருமுனை டீக்கடையில சொல்லுங்க. அவக எங்க அண்ணனுக்குச் சொல்லிருவாக." என் பக்கத்தில் நான் எழுத மூன்று கூட்டம் ஆயிற்று. என் வீட்டில் யார் பெயரையும் என்னால் எழுத முடியவில்லை. கடைசியில் ஆச்சியின் பெயரை எழுதினேன்.

நோட்டு எல்லாவற்றையும் தீர்க்காது. யாரிடமும் சொல்லாதே என்றே ஒருவர் எழுதிவிட்டு, பிறகு ஒரு நாள் கிணற்றடியில் போய் நின்றால்? அப்போது நான் சொல்லத்தான் செய்வேன். எழுதியதை மீறினேன் என்ற குற்றத்தோடு சொல்வேன். அவரிடம் முதலில் சொல்லிவிட்டு, அவர் முகத்துக்கு நேராகச் சொல்வேன். காதுக்குப் பின்னால் அல்ல. அவ்வளவுதான் எனக்கு இப்போது தெளிவாக இருக்கிறது.

தையல்காரருக்கு நோட்டில் இரண்டு பக்கம் விட்டு வைத்திருந்தோம். ஒரு வருடம் வெறுமையாகவே கிடந்தது. சென்ற பங்குனியில் கடைக்கு வந்தார், மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ நகல் எடுக்க. பணம் வாங்க மறுத்தேன், வைத்துவிட்டுப் போனார். மறுபடி ஒரு நாள் வந்தார். மூன்றாவது தடவை நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எங்கிட்ட வந்து 'நான் சொல்லப்போறேன்'னு சொல்லியிருக்கலாம்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அவரிடம் கொடுத்தேன். அவர் படிக்காமல் இது வெளியே போவது அதே காரியத்தை இரண்டாம் முறை செய்வது. நான்கு நாள் வைத்திருந்தார். இரண்டு பத்திகளை அடித்திருந்தார். அவை இங்கே இல்லை. தொழிலை மாற்றச் சொன்னார், அதனால்தான் தையல்காரர். காப்பி விஷயத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும்" என்றார். "இப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் நாந்தான் காப்பி போடுறேன். அதையும் எழுதிக்கங்க."