போகாத ஊருக்கு வழி

ஜூன் மாத இரவு. தரையில் ஸ்பெயின் வரைபடம் விரிந்து கிடக்கிறது.

மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் எழுகிறது. அமர்கிறது. மறுபடி எழுகிறது.

நான்கு மூலைகளுக்கும் பாரம் வைத்திருக்கிறேன். ஒரு தம்ளர். சாவிக்கொத்து. மூக்குக் கண்ணாடிக் கூடு. மணப்பாட்டுக் கரையில் பொறுக்கிய ஒரு சிப்பி.

தேதி இல்லை. பயணச்சீட்டு இல்லை. விரல் மட்டும் போகிறது.

*

விரல் முதலில் தெற்கே இறங்குகிறது. எப்போதும் அப்படித்தான்.

கிரனாடா.

குன்றின் மேல் அல்ஹம்ப்ரா. சிவந்த மதில்கள்.

குன்றின் மேல் ஆறு இல்லை. தார்ரோ ஆறு கீழே ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டில், வெகு தூரம் மேலே போய் ஆற்றை மறிக்கிறார்கள். ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டுகிறார்கள். சரிவைத் தழுவியபடியே நீர் கோட்டைக்கு வந்து சேர்கிறது. யாரும் இறைப்பதில்லை. தன் எடையால் தானே வருகிறது.

மிர்ட்டல் முற்றம். நீண்ட குளம். இருபுறமும் மட்டமாகக் கத்தரித்த பசுஞ்செடிகள்.

குளத்தின் இரு முனைகளிலும் தரையோடு தரையாக ஒரு வட்டக் கல்தட்டு. ஊற்று நீர் முதலில் அதில் விழுகிறது. சுற்றுகிறது. ஒரு சிறு வழியில் தயங்குகிறது. பிறகுதான் குளத்தைத் தொடுகிறது.

குளம் கலங்குவதில்லை. கோபுரத்தின் பிம்பம் உடைவதில்லை.

நீர் ஓடவும் வேண்டும், அசையாமல் இருக்கவும் வேண்டும். யாரோ ஒருவர் இதை நினைத்தபடி இந்தக் கல்லின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

சிங்கங்களின் முற்றம். 12 கல் சிங்கங்கள். அவை தாங்கும் தொட்டியின் விளிம்பில் இப்னு சம்ராக்கின் கவிதை செதுக்கப்பட்டிருக்கிறது. நான்கு திசைகளிலிருந்தும் தரையில் மெல்லிய நீர்க்கோடுகள் வருகின்றன. வீட்டுக்குள் நீர் நடமாடுகிறது.

ஹெனராலிஃபே தோட்டத்தில் ஒரு படிக்கட்டு. கைப்பிடிச் சுவரின் மேல் ஓடு பதித்த சிறு ஓடை. இறங்குகிறவர் பிடித்துக்கொள்ளத் தண்ணீர்.

உள்ளங்கை தானாக விரிகிறது. காய்ந்திருக்கிறது.

அடுக்களைக் குழாய் சொட்டுகிறது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

1492 ஜனவரி 2. கடைசி சுல்தான் நகரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல், அசேக்கியா, அரபியிலிருந்து வந்தது. அதுவும் போகவில்லை.

*

செவில்லே. தெருவெல்லாம் கசப்பு ஆரஞ்சு மரங்கள்.

அவற்றின் பூவுக்குத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அசஹார்.

சொல்லிப் பார்க்கிறேன். கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சுகிறது.

*

கோர்தொபா. 8ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய பள்ளிவாசல். 856 தூண்கள்.

பல தூண்கள் பழைய கட்டடங்களிலிருந்து வந்தவை. ரோமர்களுடையவை, விசிகோத்துகளுடையவை. உயரம் போதவில்லை. அதனால் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு. செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி.

போதாத உயரம்தான் அந்த வளைவுகளாக நிற்கிறது.

நடுவே ஒரு பேராலயம். 16ஆம் நூற்றாண்டில் தூண்களை அகற்றிவிட்டு எழுப்பியது.

விரல் அங்கே கனக்கிறது. சற்று நேரம் கனக்கட்டும்.

*

பார்சிலோனா. 1882இல் தொடங்கிய ஆலயம். கௌதி வடிவமைத்த தூண்கள் மேலே போகப் போக மரங்களைப் போலக் கிளைக்கின்றன. காலையில் கிழக்குக் கண்ணாடிகளில் நீலமும் பச்சையும். மாலையில் மேற்கே செம்மஞ்சள்.

அந்த ஊரில் வேறெதுவும் வேண்டியதில்லை. ஓர் இருக்கை. நீலம் சிவப்பாகும் வரை ஒரு பகல்.

*

வரைபடம் மடிப்பில் கிழிந்திருக்கிறது. சரியாக மாட்ரிட்டில். ஓட்டை வழியே தரை தெரிகிறது.

அந்த ஓட்டைக்குள் பிராதோ அருங்காட்சியகம். அங்கே அரசர்கள், இளவரசிகள், குதிரைகள். மனம் கேட்பது ஒரு நாயை.

கோயா அதைத் தன் வீட்டுச் சுவரில் தீட்டுகிறார். 1819க்கும் 1823க்கும் இடையில். எழுபது கடந்தவர். காது கேட்காதவர். அந்தச் சுவர்களில் மொத்தம் 14 ஓவியங்கள். எதற்கும் அவர் பெயர் வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துச் சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றுகிறார்கள்.

நாயின் தலை மட்டும் தெரிகிறது. கீழே பழுப்பாக ஒரு சரிவு. மேலே மங்கிய மஞ்சள். படத்தின் பெரும்பகுதி அந்த மஞ்சள்தான்.

நாய் மேலே பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை.

மூழ்குகிறதா. எட்டிப் பார்க்கிறதா.

அதன் முன் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. வரிசை. கூட்டம். மூடும் நேரம். கணக்கு வருகிறது. போகிறது. மஞ்சள் மிஞ்சுகிறது.

தெருவில் ஒரு நாய் குரைக்கிறது. பாதியில் நிறுத்துகிறது.

*

லா மான்ச்சா. அக்டோபர் கடைசி. குங்குமப்பூ வயல்.

முந்திய நாள் வெறும் மண். விடியும்போது ஊதா.

வெயில் ஏறுவதற்குள் குனிந்து பறிக்கிறார்கள். பிறகு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவந்த இழைகள். ஒரு கிலோ சேர ஒரு லட்சம் பூக்களுக்கு மேல் வேண்டும். கிள்ளிய இழைகளைச் சிறு தணலில் வாட்டுகிறார்கள்.

கொன்சுவேக்ராவின் மேட்டில் காற்றாலைகள் நிற்கின்றன.

இழை எடுத்த பிறகு அத்தனை ஊதா இதழ்களும் எங்கே போகின்றன. கேள்வி வருகிறது. அதைத் துரத்தவில்லை.

*

மின்சாரம் போகிறது.

விசிறி மெல்லச் சுழன்று நிற்கிறது. வரைபடத்தின் ஓரம் தரையில் படிகிறது. இவ்வளவு நேரம் இவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது.

இருட்டில் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வடக்கே இருக்கட்டும். அல்தமீராவில்.

1879. மர்செலினோ சான்ஸ் தெ சவுத்துவோலா குகையின் தரையைக் கிளறுகிறார். எலும்பு, கல்லாயுதம். கூட வந்த மகள் மரியாவுக்கு 8 வயது. அவள் தலை நிமிர்கிறாள்.

கூரை முழுக்கக் காட்டெருமைகள்.

அப்பா இன்னும் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காவியும் கரியும். பாறை எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே எருமையின் உடல். தீட்டியவர் பாறையைத் தடவிப் பார்த்திருப்பார். உள்ளே ஏற்கெனவே படுத்திருந்த விலங்கைக் கை கண்டிருக்கும்.

அறிஞர்கள் நம்பவில்லை. இவ்வளவு பழைய மனிதர்களால் இப்படித் தீட்ட முடியாது என்கிறார்கள். சவுத்துவோலா 1888இல் இறந்துபோகிறார். 1902இல் எமில் கர்த்தயாக் தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதுகிறார். மறுத்தவர்களில் அவர் குரல் பெரியது.

இடையில் 14 ஆண்டுகள். நினைக்கும்போது நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. அடைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது கரையவில்லை.

பிறகு மக்கள் வருகிறார்கள். கூட்டம் கூட்டமாக. அவர்களோடு மூச்சும் வருகிறது. மூச்சின் ஈரம், மூச்சின் வெப்பம். வண்ணம் நலிகிறது. 1977இல் குகையை மூடுகிறார்கள். கொஞ்சமாகத் திறந்து, 2002இல் மறுபடி மூடுகிறார்கள். வருகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நகல் குகை. மூலக் குகைக்குள் அளந்து அளந்து மிகச் சிலர்.

போக ஆசைப்படும் ஊர்களில், போனாலும் நுழையக் கூடாத ஓர் இடம். நுழைய வேண்டாம். அந்தக் குன்றின் புல்லில் உட்காரலாம். காலுக்குக் கீழே எருமைகள் இருட்டில் இருக்கும்.

மூச்சு வருகிறது. போகிறது. இப்போது அதைக் கொஞ்சம் மெதுவாக விடுகிறேன்.

*

மின்சாரம் வருகிறது. கண் கூசுகிறது.

நவாரா. ஹவியேர் என்ற சிறிய ஊர். அதில் ஒரு கோட்டை வீடு.

எங்கள் கடற்கரையில் அந்தப் பெயர் சவேரியார் ஆகியிருக்கிறது. 1506இல் அந்தக் கோட்டையில் பிறக்கிறார். 1525இல் படிக்கப் பாரிசுக்குப் புறப்படுகிறார். பிறகு அந்த வீட்டில் வாழ வரவேயில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்கிறார். வீட்டில் பேசியது பாஸ்க். இங்கே நெட்டுருப் போட்டது தமிழ்.

மணப்பாட்டில் அவர் தங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். சின்ன வயதில் அதில் தலை குனிந்து நுழைந்தது தோள்களுக்கு நினைவிருக்கிறது. உப்பு ஈரம். மெழுகுவர்த்தி வாடை. வெளியே கடல்.

வந்த இடத்தைப் பார்த்தாயிற்று. புறப்பட்ட வாசலைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோட்டையின் சிற்றறை ஒன்றில் மரத்தில் செதுக்கிய சிலுவை. அதில் இயேசு புன்னகைக்கிறார். சுற்றுச் சுவர்களில் எலும்புக்கூடுகள் ஆடுகின்றன.

அந்த உதடுகள். அவ்வளவு தூரம் போக அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கும்.

*

வரைபடத்தின் மூலையில் ஒரு பெட்டி. கனேரித் தீவுகளை அதற்குள் அடைத்திருக்கிறார்கள். உண்மையில் அவை ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், வெகு தெற்கே கிடக்கின்றன.

லா கோமேரா. மலையை ஆழப் பள்ளத்தாக்குகள் பிளந்திருக்கின்றன. எதிர்ச்சரிவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். நடந்தால் வெகுநேரம் ஆகும். கூப்பிட்டால் கேட்காது.

அதனால் சீழ்க்கையில் பேசுகிறார்கள். சைகை அல்ல, பேச்சு. ஸ்பானிய மொழியே சீழ்க்கையாகிறது. விரலை மடித்து வாயில் வைக்கிறார்கள். 1999 முதல் பள்ளிக்கூடத்தில் பாடம்.

மேலே கரஹோனாய் காடு. மேகம் இலைகளில் படிகிறது. சொட்டுகிறது.

ஒருவர் சீழ்க்கை அடித்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. பள்ளத்தாக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நேரத்தைக் கேட்க வேண்டும்.

*

மேற்கு. விரல் மெதுவாகப் போகிறது.

சாந்தியாகோவுக்கு யாத்ரீகர்கள் நடந்து வருகிறார்கள். பிரெஞ்சு வழியில் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். சுவர்களில், கற்களில், மரங்களில் மஞ்சள் அம்புக்குறி. முதுகுப்பையில் ஒரு சிப்பி தொங்குகிறது.

பலருக்கு அங்கே முடிகிறது. சிலர் நிறுத்துவதில்லை. இன்னும் 90 கிலோமீட்டர் நடக்கிறார்கள். நிலம் முடியும் இடம் என்று பெயர் வைத்த முனை வரைக்கும். ஃபினிஸ்தெர்ரே. கலங்கரை விளக்கம். சுழியம் எழுதிய தூரக்கல். பாறை. அட்லாண்டிக்.

கால் அவ்வளவு தூரம் நடக்குமா. முழங்காலில் கை வைக்கிறேன். வெதுவெதுப்பாக இருக்கிறது.

மூலையில் மணப்பாட்டுச் சிப்பி. எடுத்தால் வரைபடம் சுருண்டுகொள்ளும். இருக்கட்டும்.

ஸ்பெயினின் கடிகாரம் 1940 முதல் பழைய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடையில் இன்னும் ஒரு மணி. ஜூன் மாதத்தில் அந்த முனையில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் இறங்குகிறது.

இங்கே ஒன்று நாற்பது.

அங்கே பத்து பத்து.

தண்ணீர் மேல் இன்னும் கொஞ்சம் வெயில்.