சிறுவர் கைப்பொருளும் பொருள் வரைதலும்



கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொருள் வரைதல் ஆகிய ஐந்தும் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள். இவற்றுள் பொருள் வரைதலாவது, நிலம், மனை, பொன், தானியம் முதலியவற்றுக்கு ‘இவ்வளவே போதும்’ எனத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளுதல். எல்லையற்ற ஈட்டலின் விளைவுக்கு நம் பாலாறே சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அந்நீர் கெட்டமையை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது.

இவ்விரதத்தை நாம் பெரும்பாலும் முதுமையில்தான் எண்ணுகிறோம். அதற்குள் ஆசை வேரூன்றிவிடுகிறது. பிள்ளைகளுக்கு வாரந்தோறும் கைச்செலவுக்கென ஒரு சிறு தொகையை அளவாக அளிப்பதே இவ்விரதத்தின் அரிச்சுவடி என்பது அடியேன் துணிபு.

இது பட்டறிந்து பெற்ற துணிபு. பத்து வயதில் என் மகன் என் சட்டைப்பையிலிருந்து இரண்டு ரூபாயைக் கேளாமல் எடுத்தான். கள்ளாமையைப் பற்றி நெடுநேரம் கூறினேன், அடித்தும்விட்டேன். அன்றிரவு என் இல்லாள், “அவனுக்கென்று நாம் என்றேனும் ஏதேனும் கொடுத்ததுண்டா? தன் பொருள் என ஒன்று இல்லாதவனுக்குப் பிறர் பொருள் எதுவென எப்படி விளங்கும்?” என்றாள். என்னிடம் விடையில்லை.

அவ்வாரம் முதல் ஞாயிறுதோறும் கொடுக்கத் தொடங்கினேன். தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது நிறுத்தினேன். அதுவும் பிழையே. ஆர்க்காட்டுக்கு அருகே விளாப்பாக்கத்துத் திருப்பான்மலையில், முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. வழிபட வந்த இலாடராயன் வீரசோழனிடம், பள்ளிச்சந்தத்தின் மீது கொள்ளப்படும் கற்பூர விலை முதலிய இறைகளால் அறம் குன்றுகிறது என அவன் தேவி விண்ணப்பித்தாள். அவன் அவற்றை விட்டுக்கொடுத்தான். ஒன்றுக்கென ஒதுக்கியதில் ஒதுக்கியவரே கைவைத்தல் ஆகாது. சினம் வந்தபோது நிறுத்தியும் மகிழ்ந்தபோது பெருக்கியும் கொடுத்தால், பிள்ளை அளவைக் கற்கமாட்டான். நம் முகக்குறிப்பையே கற்பான்.

ஆகவே, குறித்த நாளில், குறித்த தொகையைக் கொடுங்கள். அது தீர்ந்தபின் மேலும் கேட்டால், அடுத்த வாரம் வரை பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் காத்திருத்தலே நோன்பு. ஒரு பகுதியைச் சேமிக்கட்டும். பத்து வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்கை இயக்க, 2014இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இசைவளித்துள்ளது. ஒரு பகுதி, சிறிதாயினும், உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்துள் ஒன்றுக்குச் செல்லட்டும்.

எஞ்சியதை அவர்கள் விருப்பத்திற்கு விட்டுவிடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் சூழ வாழ்வோர் நாம். அத்தொழிலால் பிழைக்கும் எளியோரை இகழ்தல் நமக்கு அறமன்று. நாம் வாங்கும் பொருள் எதனால் ஆயது என வினவுதல் நம் கடன். சேர்த்த காசுடன் பெல்ட் வாங்கச் சென்ற என் மகன், ஒருநாள் வெறுங்கையுடன் திரும்பினான். “தோலா என்று கேட்டேன், அப்பா. ஆம் என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன்,” என்றான். உடன் சென்றிருந்தால் நானே தடுத்திருப்பேன். அந்த விரதம் என்னுடையதாகவே முடிந்திருக்கும். காசு அவனுடையதாக இருந்ததால், விரதமும் அவனுடையதாயிற்று.

அறம் வளர்க!