மஞ்சள் கொடி

வேலையில் எனக்கு வந்த ஒரு டிக்கெட்டில்தான் இது தொடங்கியது. பஸ் டிக்கெட் இல்லை. மென்பொருளில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி நம் தலையில் கட்டுவார்களே, அது. சொந்தப் பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றுகிறவர்களுக்கான செயலி ஒன்று. அடுத்த துறைமுகத்துக்குப் போகும் முன் நிரப்ப வேண்டிய படிவங்களை எல்லாம் அதிலேயே நிரப்பி அனுப்பிவிடலாம். என் பங்குக்கு ஃபிஜி வந்தது. நான் பிறந்து வளர்ந்தது கண்ணமங்கலம். ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். ஒகேனக்கல் பரிசல் தவிர வேறு எதிலும் தண்ணீரைக் கடந்ததில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் ஃபிஜிக்குள் ஒரு படகு எப்படி நுழைய வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகப் பாடமாகிவிட்டது.

டிக்கெட்டில் இருந்தது இரண்டே வரி. உடல்நலக் கேள்விகளில் எல்லாரும் ‘இல்லை’ என்றுதான் குறிக்கிறார்கள். ஆகவே ‘இல்லை’ என்பதை முன்கூட்டியே தேர்வு செய்து வைக்கவும், உராய்வு குறையும்.

எங்கள் தொழிலில் உராய்வு என்பது ஏறக்குறைய பாவம் மாதிரி. ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தும் முன் யோசிக்க நேர்ந்தால் அது எங்கள் தோல்வி. பத்து வருடமாக யோசனையைக் குறைப்பதற்குத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேர வேலை. அதை நான் இரண்டு வாரம் செய்யாமல் வைத்திருந்தேன்.

முதலில் அந்த நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்திலிருந்து ஃபிஜிக்குச் சுமார் ஆயிரம் கடல் மைல். பாய்மரப் படகில் எட்டுப் பத்து நாள். கிளம்பியதும் நினைத்த தீவில் போய் நங்கூரம் போட்டுவிட முடியாது. நாட்டுக்குள் நுழைய என்று குறிக்கப்பட்ட துறைமுகங்கள் உண்டு: சுவா, லவுட்டோகா, லெவுக்கா, சவுசவு போல. அதில் ஒன்றுக்குத்தான் முதலில் வர வேண்டும். வருவதற்கு 48 மணி நேரம் முன்பே வருகை அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். துறைமுகத்துக்குள் வந்ததும் மஞ்சள் கொடி ஒன்றை ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதிகாரிகள் வரும்வரை யாரும் கரையில் கால்வைக்கக் கூடாது, வேறு யாரும் படகில் ஏறவும் கூடாது. சுகாதாரம், உயிரிப் பாதுகாப்பு, சுங்கம், குடியேற்றம் என்று நான்கு துறை ஆட்களும் பார்த்த பிறகுதான் கொடி இறங்கும். பழம், காய்கறி, இறைச்சி, தேன் எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. எங்கள் ஜவ்வாது மலைத் தேன் ஒரு பாட்டில் கொண்டுபோனால் அதற்கும் அதே கதிதான்.

மஞ்சள் கொடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு, இந்தக் கப்பலில் தொற்றுநோய் இருக்கிறது, கிட்டே வராதே என்று பொருள். இப்போது சர்வதேசக் கொடி மொழியில் அது க்யூ என்ற எழுத்து: என் கப்பலில் நோய் இல்லை, கரையோடு கலக்க அனுமதி தாருங்கள். அதே துணிதான். இன்று அதை ஏற்றுகிறவர் வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று தானே போய் வாசலில் நிற்கிறார்.

படகுக்காரர்கள் இதைப் பற்றி நிறையப் புலம்புவார்கள். பத்து நாள் அலையில் தூங்காமல் வந்தவனை வாசலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி, மாம்பழத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், கட்டணம் வேறு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வெள்ளைக்காரன் விட்டுப்போன குமாஸ்தாத்தனம், கடலிலும் கார்பன் காப்பி. பிறகு 1875 பற்றிப் படித்தேன்.

1874 அக்டோபர் 10 அன்று ஃபிஜி பிரிட்டிஷ் ஆட்சிக்குள் போனது. அதை ஒப்படைத்த தலைவர் ராத்து சேரு தாக்கோம்பாவைச் சிட்னிக்கு விருந்தாளியாக அழைத்துப் போனார்கள். அங்கே அவருக்குத் தட்டம்மை வந்தது. தேறிவிட்டார். ஹெச்.எம்.எஸ். டிடோ என்ற போர்க்கப்பலில் திரும்பும்போது அவர் கூட இருந்தவர்களுக்கு அது தொற்றிக்கொண்டது. 1875 ஜனவரியில் கப்பல் லெவுக்காவுக்கு வந்தது. தனிமைப்படுத்தவில்லை. வந்திருப்பது அரசுக் கப்பல், இறங்குவது நாட்டின் பெரிய தலைவர். அவரைப் பார்க்கத் தீவுகளிலிருந்து தலைவர்கள் வந்து கூடினார்கள், கலைந்து அவரவர் ஊருக்குப் போனார்கள். அந்த மண் அதுவரை தட்டம்மையைப் பார்த்ததே இல்லை. சுமார் 40,000 பேர் இறந்தார்கள். அன்றைய மக்கள் தொகையில் நாலில் ஒருவர் அல்லது அதற்கும் மேல்.

சமோவாவில் இதே கதை 1918இல் நடந்தது. நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் என்ற கப்பலை அப்பியாவில் தடுக்காமல் விட்டார்கள். அதில் ஃப்ளூ இருந்தது. மேற்குச் சமோவாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். பக்கத்துத் தீவான அமெரிக்கச் சமோவாவில் கப்பல்களை நிறுத்திவைத்தார்கள். அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை.

இதைப் படித்த பிறகு ‘இல்லை’ என்பதை முன்கூட்டியே குறித்துவைக்கும் அந்த ஒரு வரி நிரல் என் விரலில் ஏறவில்லை. டிடோவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதானே. யாரும் பொய் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட கப்பலிடம் என்ன கேட்பது என்று விட்டிருப்பார்கள். பதில் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

இத்தோடு முடிந்தால் நல்ல கதைதான்: சின்னத் தீவுக்குக் கேட்க உரிமை உண்டு, வருகிறவன் நின்று பதில் சொல்லட்டும். ஆனால் அந்தக் கேள்வியை வேறு யாரிடமெல்லாம் கேட்டார்கள் என்று பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

டிடோ வந்து நாலு வருடம் கழித்து, 1879 மே 14 அன்று, லியோனிடாஸ் என்ற கப்பல் அதே லெவுக்காவுக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த முதல் கப்பல். வழியிலேயே காலராவும் பெரியம்மையும் வந்து சிலர் இறந்திருந்தார்கள். இந்த முறை தீவு ஏமாறவில்லை. அவர்களை யானுத்தா லைலை என்ற குட்டித் தீவில் தனியே இறக்கி வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். பிற்பாடு வந்த கப்பல்களுக்கு சுவாவுக்கு எதிரே உள்ள நுக்குலாவ் தீவு. (2000ஆம் ஆண்டுக் கலகத்துக்குப் பின் ஜார்ஜ் ஸ்பைட்டை அடைத்துவைத்ததும் அங்கேதான்.) 1916 வரை சுமார் 60,000 பேர் இப்படி ஃபிஜிக்குப் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் கிளம்பியது. அதில் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் நிறைய. கண்ணமங்கலம் அன்றைக்கு வட ஆற்காடு.

லியோனிடாஸை நிறுத்திவைத்தது சரியா தவறா? சரி. நாலில் ஒருவரைப் புதைத்து நாலு வருடம் ஆன தேசம் வேறு என்ன செய்யும்? ஆனால் அதே வாசலில் தலைவர் வந்த போர்க்கப்பலுக்கு ஒரு நியாயம், கூலிகள் வந்த கப்பலுக்கு ஒரு நியாயம். கூலியிடம் கேள்வி நோயோடு நிற்கவும் இல்லை. ஒவ்வொருவர் பேரிலும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, மாவட்டம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்க அந்தச் சீட்டில் இடம் கிடையாது. எந்தத் தோட்டம், என்ன சாட்டை, திரும்பி வர முடியுமா?

இம்மானுவேல் கான்ட் 1795இல் நிரந்தர அமைதி பற்றி எழுதிய சிறு நூலில் இதைத் தொடுகிறார். அந்நியனுக்கு இன்னொரு நாட்டின் கரைக்கு வந்து பகையாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை உண்டு. அது வந்து பார்க்கும் உரிமை மட்டுமே. விருந்தாளியாகத் தங்கும் உரிமை வேறு, அதை அந்த வீட்டுக்காரர்தான் தர வேண்டும் என்கிறார். ஐரோப்பியர்கள் போன இடத்தில் எல்லாம் வந்து பார்ப்பதையும் வென்று பிடிப்பதையும் ஒன்றாக்கிவிட்டார்கள், அதனால் சீனாவும் ஜப்பானும் கதவை ஒருக்களித்து வைத்தது புத்திசாலித்தனம் என்றும் சொல்கிறார். சொந்த ஊரைவிட்டு அதிகம் நகராத மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

ஃபிஜியின் கிராமங்கள் கான்ட்டைப் படிக்காமலே இதைச் செய்துவந்திருக்கின்றன. நாலு துறை அதிகாரிகளும் முத்திரை குத்திவிட்டாலும் படகுக்காரரின் வேலை முடிவதில்லை. ஒரு கிராமத்தின் எதிரே நங்கூரம் போட்டால் முதலில் கரைக்குப் போய் செவுசெவு வைக்க வேண்டும். யங்கோனா என்ற செடியின் காய்ந்த வேர், நம்ம மிளகுக்கு உறவு, அதில் ஒரு கட்டு. கிராம நிர்வாகி தலைவர் வீட்டுக்கு அழைத்துப் போவார். தொப்பியைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டை முன்னால் வைத்து, யார், எங்கிருந்து, எதற்கு வந்தோம் என்று சொல்ல வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் அன்றிலிருந்து நீங்கள் அந்த ஊரின் பொறுப்பு. அந்தப் பவளப்பாறையும் மீனும் அந்த ஊர்க்காரர்களின் வழிவழி உரிமை. அங்கே நங்கூரம் போடுவது ஒருத்தர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவது போல. நம் ஊரில் தாம்பூலத் தட்டோடு போய் உட்காருவதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. எனக்குப் பிடித்தது, அங்கே கேள்வி கேட்கிறவரும் ஒன்றுக்குக் கட்டுப்படுகிறார் என்பது. வேரைக் கையில் வாங்கிய பின் உங்களைக் கைவிட முடியாது. குடியேற்றச் சீட்டு எழுதியவருக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை.

பொறியியல் படிக்கும்போது நாங்கள் நாலு பேர் இரண்டு பைக்கில் ஜவ்வாது மலை ஏறினோம். ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் வண்டியை நிறுத்தி ஓடைப் பக்கம் நடந்தோம். சாமை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். “எந்த ஊரு? யாரப் பாக்க வந்தீங்க?”

“சும்மா சுத்திப் பாக்க” என்றோம். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. திரும்பவும் அதையே கேட்டார். நண்பன் கடுப்பாகி, “இன்னாபா இது, பாஸ்போர்ட் கேப்பாங்க போலகீதே” என்றான். சிரித்துவிட்டு வந்துவிட்டோம். கீழே இறங்கும்போது ஒரு சோதனைச் சாவடியில் எங்களைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற மலைக்காரர் ஒருவரின் மூட்டையைத் தரையில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். புளி. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே அந்தப் பெரியவர் கேட்டதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, இங்கே எங்களை யாரும் கேட்கவே இல்லை.

இன்னொன்று. ஏழெட்டு வருடம் முன்பு கண்ணமங்கலம் டீக்கடைக்கு ஃபிஜியிலிருந்து ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும். பூப்போட்ட சட்டை, கூட மகள். கையில் தாத்தாவின் குடியேற்றச் சீட்டின் நகல். தமிழ் நாலு வார்த்தைதான் வந்தது. நான் மொழிபெயர்க்க நின்றேன். மாவட்டம் வட ஆற்காடு, சரி. கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்த விதத்தில் சுற்றுவட்டத்தில் நாலு ஊரைப் படிக்கலாம். “யாரூட்டுக்கு வந்துகீறாரு?” என்று கேட்டார்கள். தெரியாது, அதைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்றேன். “சாதி இன்னா போட்டுகீது?” என்றார் ஒருவர். நூறு வருடம் முன்பு எவனோ ஒரு குமாஸ்தா நிரப்பிய கட்டம். நான் படித்தேன். படித்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன. “அப்ப அந்தாண்ட போயி விசாரிக்கச் சொல்லு.”

அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. ஒரு பாட்டி மட்டும் திண்ணையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “யாரூட்டுப் புள்ளைப்பா நீ?” அவருக்கு அது புரிந்துவிட்டது. மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்க்கவில்லை. அழுதார். பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உறவு கிடைக்காமல்தான் அன்று மாலை வேலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

டிக்கெட்டுக்கு வருகிறேன். கேள்விகளைக் குறைக்க முடியாது, அது அந்த நாட்டின் படிவம். பதிலை நாம் குறித்துவைக்கவும் கூடாது என்று எழுதினேன். 2020இல் ஃபிஜி படகுகளுக்கு மட்டும் ஒரு நீல வழி திறந்தபோது, கடலில் கழித்த நாட்களைத் தனிமை நாட்களாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதையும் குறிப்பிட்டேன். நேர்மையாகப் பதில் வந்தால் தீவு விட்டுக்கொடுக்கத்தான் செய்கிறது என்று. கொஞ்சம் நீளமாகிவிட்டது. மேலாளர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டார். அடுத்த வாரம் டிக்கெட் வேறொருவர் பெயருக்கு மாறியிருந்தது. ஒன்பது கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்ற பக்கத்தில் இப்போது நீலப் புள்ளி தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும்.