கண்ணாடித் தளமும் அச்சமும்

அறிந்தார்க்கு அச்சமில்லை என்பர். அறிந்தும் அஞ்சுவாரை யாதென்பது?

சிகாகோ நகரத்து வில்லிஸ் கோபுரத்தின் 103-ஆம் மாடியில், 2009-ஆம் ஆண்டு முதற்கொண்டு, கண்ணாடி அறைகள் சுவருக்குப் புறத்தே ஏறக்குறைய நான்கடி நீண்டு நிற்கின்றன. அவற்றின் தளமும் கண்ணாடியே. அதன்கீழ் 1,353 அடி வெறுவெளி. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அத்தளம் பெரும்பாரந் தாங்கும் என்று நன்குணர்ந்தவரும், அடியெடுத்து வைக்குங்கால் முழந்தாள் நடுங்குகின்றனர். மலைக்கோயிற் படியில் நின்று கீழ்நோக்க மாட்டாத எம்போல்வார்க்கு இது வியப்பன்று. கேட்டறிந்தது ஒன்று, கண் காட்டுவது மற்றொன்று. கிப்சன், வாக் என்னும் அறிஞர் இருவர் 1960-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தவழுங் குழவிகளுட் பெரும்பாலானவை, தாய் அழைத்தும், ஆழந்தோன்றும் கண்ணாடியின்மேற் செல்லவில்லை. ஆதலின் நடுங்குவாரை அறிவிலார் என நகைத்தல் தகாது.

அற்றேல், அஞ்சாது நின்றாரெல்லாம் அறிந்து நின்றாரோ எனின், அதுவும் அன்று. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில், அவ்வறை ஒன்றில் நின்றார் காலடியிலேயே தளத்தின் மேற்பூச்சு வெடித்தது. கீறல் விழாமைக்கென இட்ட பூச்சே அது, கண்ணாடிக்குப் பழுதில்லை. ஆயினும் அதுகாறும் துணிந்து நின்றவரும் அஞ்சினர். என்னை? அவர் நம்பியிருந்தது கண்ணாடியின் வலிமையை அன்று. மாசின்றித் தோன்றிய அதன் தோற்றத்தையே. நடுங்கினார் சார்ந்ததும் கண்ணை. துணிந்தார் சார்ந்ததும் கண்ணை. கேள்வியும் காட்சியும் தம்முட் பிணங்குதலை முன்னரே உணர்ந்தவர், சுவரைப் பற்றிக்கொண்டு ஓரடி வைத்த அந்த நடுங்கினாரே.