கற்றுக்கொடுக்கப் போகும் முன்



செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் வெளிநாடு போய், அங்குள்ள பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் தன்னார்வத் தொண்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த பாட்டி, "ஏம்பா, அந்த ஊரு மரத்துக்கெல்லாம் பேரு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார். தெரியாது.

நம்ம ஊரையாவது தெரியுமா? டெங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். அந்தப் பள்ளங்கள்தான் இன்று பறவைகள் வரும் ஏரிகள். பக்கத்திலேயே லங்காட் ஆறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் இங்கேயும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. ஏன் என்று எதிர்வீட்டுப் பிள்ளைக்குக்கூட நான் விளக்கியதில்லை.

அப்படியானால் வெளிநாட்டுத் தொண்டு தப்பா? இல்லை. 2003-இல் ஆரோவில் அருகே 'சாதனா ஃபாரஸ்ட்' காட்டை உருவாக்கத் தொடங்கிய அவிராம், யோரிட் ரோசின் தம்பதியர் இஸ்ரேலியர்கள். ஆனால் அங்கேயே குடியிருந்தார்கள். மழைநீரைத் தேக்கி, அந்த மண்ணுக்குரிய மரங்களையே வளர்த்தார்கள்.

பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்கிறது கர்மயோகம். இரண்டு வாரத்தில் எனக்குச் சான்றிதழும் படங்களும் கிடைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? பதில் இல்லையென்றால் அது சேவை இல்லை, சுற்றுலா.

விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போது ஞாயிறுதோறும் தேவார வகுப்பு முடிந்ததும், பெற்றோர் துணையோடு பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறேன். அவர்கள் கேட்கும் பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. தேடிப் படிக்கிறேன். நீங்களும் வாங்களேன்.